கை இறுக்கமான டிசம்பரில் கிறிஸ்துமஸ்: டெல்டா குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் கிறிஸ்துமஸ் வருவது வருடத்திலேயே காசு தட்டுப்படும் மாதத்தில். குறுவை அறுத்த பணம் தீபாவளிக்கும் சம்பா நடவுக்கும் போய்விட்டது. சம்பா வயலில் நிற்கிறது. அறுப்பு தை பிறந்த பிறகுதான். அடைமழையில் கூலிவேலை கிடைப்பதில்லை. புயல் கூண்டு ஏற்றிவிட்டால் நாகையிலும் தரங்கம்பாடியிலும் படகு கரையில்தான். இந்த நேரத்தில்தான் நட்சத்திரம் கட்ட வேண்டும், துணி எடுக்க வேண்டும், எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டும்.

நம் பகுதி வீடுகளில் வருடா வருடம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வட்டிக்கு வாங்காமல் ஒரு நல்ல கிறிஸ்துமஸைக் கொண்டாட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு எதைக் குறைப்பது என்பதோடு எதைக் குறைக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது கணக்குப் போட ஆரம்பிப்பது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அந்த ஞாயிறு கோவில் முடிந்து வந்ததும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் தையல்காரர் துணி வாங்க மாட்டார், எண்ணெய் விலையும் ஏறியிருக்கும்.

கிறிஸ்துமஸை மட்டும் தனியாகக் கணக்கிடாதீர்கள். டிசம்பர் 25, புது வருடம், பொங்கல் என்று மூன்று வாரத்துக்குள் மூன்று செலவு. பல வீடுகளில் 25-ம் தேதிக்கு ஒரு துணி, 31-ம் தேதி இரவு ஆராதனைக்கு இன்னொரு துணி என்று வழக்கம். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால்தான் 26-ம் தேதி காலையில் பர்ஸ் காலியாக இருக்காது.

மொத்தம் 6,000 ரூபாய்தான் இருக்கிறது. நாலு பேர் குடும்பம். எப்படிப் பிரிப்பது?

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். துணிக்கு 2,400. பலகாரத்துக்கு 1,200. பண்டிகைச் சாப்பாட்டுக்கு 900. காணிக்கைக்கும் தானத்துக்கும் 500. நட்சத்திரம், குடில், மெழுகுவர்த்திக்கு 200. புது வருடத்துக்கு 500. மிச்சம் 300-ஐத் தொடாமல் வையுங்கள். மழைக்காலத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும், அல்லது சொல்லாமல் விருந்தாளி வருவார்.

ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வைப்பது பழைய முறைதான், இன்றைக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. எல்லாம் ஒரே ஜிபே கணக்கில் கிடந்தால் துணிக்கடையிலேயே கறிக்காசும் போய்விடும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிற வீடுகளில் அக்டோபர், நவம்பர் தவணையில் பாதியை எடுத்து வைத்தாலே பலகாரச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும்.

தண்டலுக்கு வாங்கிக் கொண்டாடிவிட்டு அறுப்பில் அடைத்துவிடலாமே?

வேண்டாம். 100 நாள் தண்டலில் 10,000 எழுதினால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் கட்ட வேண்டும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், வருட வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. டிசம்பர் 15-ம் தேதி வாங்கினால் மார்ச் 25 வரை கட்ட வேண்டும். தவக்காலம் வந்தும் கிறிஸ்துமஸ் சட்டைக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இடையில் ஒரு வாரம் மழை பிடித்து வேலை இல்லாமல் போனால் வீட்டு வாசலில் சத்தம்.

'அறுப்பில் அடைக்கலாம்' என்ற பேச்சும் ஆபத்தானது. சம்பா அறுப்புப் பணத்துக்கு உரக்கடை, அறுவடை இயந்திர வாடகை, கூட்டுறவுக் கடன் என்று முன்பே வரிசை நிற்கிறது. பூ வைக்கும் நேரத்தில் ஒரு புயல் வந்தால் என்ன ஆகும் என்று 2018 நவம்பர் 16-ல் கஜாவைப் பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவம் போலத் தவிர்க்கவே முடியாத தேவை வந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குங்கள். வட்டி பல மடங்கு குறைவு. பண்டிகைக்காக மட்டும் நகையை வைக்காதீர்கள். மிரட்டி வட்டி வசூலிப்பவர்கள் மீது புகார் கொடுக்க 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

டிசம்பர் 20-க்கு மேல் மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவிலோ தஞ்சாவூர் கீழவாசலிலோ போய் நின்றால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. தீபாவளி முடிந்த இரண்டு மூன்று வாரத்தில், விற்காமல் நின்ற சரக்கைக் குறைத்துத் தள்ளும்போது போங்கள். நிறம், அளவு எல்லாம் கிடைக்காது. ஆனால் அதே துணிதான். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. பெரியவர்களுக்கு வேட்டி, கைத்தறிச் சேலை எடுக்க அதுவே போதும், வருடக்கணக்கில் உழைக்கும்.

பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம். ஆகவே குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துப் போவதைவிட அம்மாவும் அத்தையும் அளவுச் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய் வருவது மேல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் துணிக்கடை வாசலில் ஐஸ்கிரீம், பொம்மை என்று தனிச் செலவு.

கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புது வருடத்துக்கு ஒன்று என்பதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். 25-ம் தேதி போட்டதைத் துவைத்து இஸ்திரி போட்டு 31-ம் தேதி இரவு போட்டுக்கொண்டு போனால் கோவிலில் யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை.

'எனக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளுக்கு எடுத்தால் போதும்' என்கிறாள் என் மனைவி. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் முதலில் வெட்டுப்படுவது அம்மாவின் சேலைதான், அதை அவர்களே வெட்டிக்கொள்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் ராத்திரி முழுக்க நின்றவர் பழைய சேலையில் கோவிலுக்கு வருவது முறையில்லை. பிள்ளைகளுக்கு 200 ரூபாய் விலை குறைந்த துணியாக எடுங்கள். அந்த மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு நூல் சேலையோ, இருக்கிற சேலைக்கு ஒரு புது ரவிக்கையோ எடுத்துக் கொடுங்கள்.

எத்தனை வகைப் பலகாரம் செய்வது?

மூன்று போதும். ஒரு காரம், ஒரு இனிப்பு, பிள்ளைகளுக்கு ஒன்று. முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதிரசம் கைவராதவர்கள் ரவா உருண்டை பிடிக்கலாம். கலகலா செய்யும் வீடுகள் அச்சு முறுக்கை விட்டுவிடலாம்.

ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் தவறாமல் வாங்கி வைத்தால் எண்ணெயும் சர்க்கரையும் ஓரளவு கைக்கு வந்துவிடும். ரேஷன் பச்சரிசியிலேயே முறுக்கும் அச்சு முறுக்கும் நன்றாக வரும். கல் பொறுக்கி, இரண்டு மூன்று முறை அலசி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மாவைச் சேர்த்து வைத்தால் புளித்துப்போகும். அரைத்த அன்றே வறுத்துச் சலித்து எடுத்து வையுங்கள். அதிரச மாவு மட்டும் விதிவிலக்கு: அதை ஈரப்பதத்தோடுதான் பாகில் கிளற வேண்டும். வீரமாங்குடி, பாபநாசம் பக்கம் உறவுக்காரர் இருந்தால் ஆலையிலிருந்து நேராக அச்சுவெல்லம் வாங்கிவரச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகள் அல்லது உங்கள் அன்பியத்தில் (பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு டின் எண்ணெய் வாங்கி, ஒரே அடுப்பில் சுடுவதுதான் பெரிய மிச்சம். எல்லா வீட்டு முறுக்கையும் முதலில் சுட்டுவிட வேண்டும், பிறகு அச்சு முறுக்கு, கடைசியில் அதிரசம். வெல்லம் எண்ணெயைக் கருக்கிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றினால் அரை டின் எண்ணெய் வீணாகும். விறகு, முறுக்குக் குழல், பெரிய இரும்புச் சட்டி எல்லாம் பொது. தனியாக ஒரு பெண் இரண்டு நாள் முதுகு ஒடிய செய்வதை ஐந்து பேர் பேசிச் சிரித்துக்கொண்டே ஒரு நாளில் முடித்துவிடலாம்.

அச்சு முறுக்கு அச்சை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. மாவு எல்லாம் வீணாகிறது.

பெரும்பாலும் குற்றம் அச்சின் சூட்டில்தான். புது அச்சாக இருந்தால் முதல் நாளே அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, எண்ணெயில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். சுடும்போது அச்சை எண்ணெயிலேயே கிடத்திக் காய விடுங்கள். எண்ணெய் காய்ந்ததும் எடுத்து, சொட்டும் எண்ணெயை ஒரு தட்டு தட்டிவிட்டு மாவில் முக்கால் பாகம் மட்டும் அமிழ்த்துங்கள். 'சொய்' என்று சத்தம் வந்து மாவு ஒட்டினால் சூடு சரி. மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு அச்சை மூடிக்கொள்ளும், பிறகு கத்தி வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

மாவுக்கு அளவு: இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் சர்க்கரைப் பொடி, ஒன்று முதல் ஒன்றரை கப் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள். முட்டை சேர்ப்பவர்கள் ஒன்று சேர்க்கலாம். தோசை மாவைவிட ஒரு பிடி இளக்கமாக இருக்க வேண்டும். எண்ணெயில் விட்டதும் பத்து எண்ணுவதற்குள் அச்சை லேசாக ஆட்டுங்கள். பூ தானே கழன்று மிதக்கும். ஒவ்வொரு முறையும் அச்சை மறுபடி எண்ணெயில் சூடேற்றிவிட்டுத்தான் மாவில் முக்க வேண்டும். அவசரப்பட்டால் அடுத்தது ஒட்டிக்கொள்ளும்.

கேக் இல்லாமல் கிறிஸ்துமஸா என்கிறார்கள் பிள்ளைகள். ஓவன் இல்லை.

பழைய குக்கரில் செய்யலாம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். தண்ணீர் விடக் கூடாது. தண்ணீரில்லாமல் காய்வது குக்கருக்கு நல்லதல்ல என்பதால் தினம் சமைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். கனமான அலுமினியப் பானையும் தட்டும் போதும்.

ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று முட்டை, அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி. சர்க்கரையில் பாதியைத் தண்ணீர் விடாமல் உருக்கிக் கரும்பழுப்பாக வந்ததும் அடுப்பை அணைத்து, கால் கப் வெந்நீரை ஓரமாக நின்று ஊற்றுங்கள், தெறிக்கும். இந்தப் பாகுதான் கடைக் கேக்கின் நிறத்தையும் மணத்தையும் தருவது. உலர்திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் ஆரஞ்சுச் சாற்றில் ஒரு நாள் ஊறவைத்துச் சேர்த்தால் போதும். சின்ன தீயில் 45 முதல் 55 நிமிடம். ஈர்க்குச்சி குத்தி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொடுப்பதைக் குறைக்கலாமா?

இதைக் குறைக்காதீர்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் வந்தது, ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சியும் பிரியாணியும் வந்தது. நம் முறை வரும்போது கையைச் சுருக்கினால் தெரு வருத்தப்படும். எவர்சில்வர் தட்டு நிறைய வைக்க வேண்டியதில்லை. நாலு முறுக்கு, இரண்டு அதிரசம், ஒரு சீப்பில் நாலு வாழைப்பழம் போதும். பத்து வீட்டுக்குக் குறைவாகக் கொடுப்பது மூன்று வீட்டுக்கு நிறையக் கொடுப்பதைவிட நல்லது.

சில விஷயங்களைக் கவனியுங்கள். மார்கழி மாதம் என்பதால் பல வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குப் பழம் மட்டும் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது. முட்டை சாப்பிடாதவர்களுக்காக முட்டை சேர்க்காத மாவில் முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். இஸ்லாமியர் வீட்டுக்குப் பிரியாணி கொடுப்பதாக இருந்தால் ஹலால் கடையில் கறி வாங்குங்கள்.

மட்டன் விலைக்கு எங்கே போவது?

ஊரில் பங்கு கறி போடுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு பிடித்து, விடியற்காலையில் வெட்டிக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது. கடை விலையைவிடக் குறையும், ஈரல், எலும்பு, குடல் என எல்லாம் எல்லார் கூறிலும் வரும். எலும்பும் கொழுப்பும் போட்டு வைத்த குழம்பு காலை இட்லிக்கு. மதியத்துக்குக் கோழி பிரியாணி. அரைக் கிலோ மட்டனைத் தனியாக வறுத்தால் நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று துண்டு. அதையே உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பாக வைத்தால் விருந்தாளிக்கும் உண்டு.

கறியே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தவறில்லை. டிசம்பரில் குளம் குட்டை நிறைந்திருக்கும். கெண்டையும் ஜிலேபியும் மலிவாகக் கிடைக்கும் ஊர்களில் மீன் குழம்பும் வறுவலும் குறைந்த விருந்தல்ல.

நட்சத்திரம் கடையில் வாங்குவதா, கட்டுவதா?

கட்டுங்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ஒரே நீளத்தில் 10 மூங்கில் சிம்பு, ஒரு சாண் நீளத்தில் 5 சின்னக் குச்சி. ஐந்து சிம்பால் ஒரு நட்சத்திரச் சட்டம், அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையிலும் நூலால் கட்டுங்கள். பிறகு உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடத்திலும் சின்னக் குச்சியைக் குறுக்கே நிறுத்திக் கட்டினால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். அந்த ஐந்து குச்சியும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

நம் ஊர் மழைக்குச் சாதாரண வண்ணக் காகிதம் இரண்டு நாள் தாங்காது. கலர் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள், ஒரு முக்கோணத்தை மட்டும் பல்பு மாற்றத் திறந்து மூடும்படி விடுங்கள். தாழ்வாரத்துக்குள் தொங்கவிடுவது நல்லது. நனைந்த ஒயர் ஆபத்து. சட்டத்தை எடுத்து வைத்தால் அடுத்த வருடம் தாள் மட்டும் மாற்றினால் போதும்.

மாதம் முழுக்க விளக்குப் போட்டால் கரண்ட் பில் ஏறாதா?

5 வாட்ஸ் எல்இடி பல்பு தினம் 6 மணி நேரம் எரிந்தால் 30 நாளைக்கு 0.9 யூனிட். பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு என்றால் 7.2 யூனிட், சூட்டில் தாளும் கருகும். எல்இடி மட்டும் போடுங்கள்.

குடில் வைக்கச் செலவில்லாத வழி?

1223-ல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ ஊரில் முதல் குடில் அமைத்தபோது வைத்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. நம்மிடம் வைக்கோலுக்கா பஞ்சம்? மழையில் நனைந்து கறுத்துப்போகாத வைக்கோலாக இப்போதே ஒரு கட்டு கேட்டு வாங்கிப் பரணில் போடுங்கள். மலைக்குச் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கசக்கி, காவியும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தால் பாறை போலவே இருக்கும்.

புல்லுக்கு நெல்லையே முளைக்கவிடுங்கள். டிசம்பர் 10-ம் தேதி வாக்கில் ஒரு கைப்பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இன்னொரு நாள் வையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் கொட்டாங்கச்சிகளில் ஈரமண் போட்டு நெருக்கமாகத் தூவுங்கள். வெளிச்சம் படும் இடத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் 24-ம் தேதிக்கு நாலு விரல் உயரப் பச்சை நாற்று நிற்கும். இருட்டில் வைத்தால் வெளிறி மஞ்சளாகிவிடும். கேழ்வரகும் கடுகும் இன்னும் சீக்கிரம் முளைக்கும், ஆனால் டெல்டாக் குடிலில் நெல் நாற்று நிற்பதுபோல் அழகு வேறில்லை. ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

சொரூபம் எல்லாம் ஒரே வருடத்தில் வாங்க வேண்டாம். முதல் வருடம் குழந்தை, மாதா, சூசையப்பர். இடையர்கள், ராசாக்கள் எல்லாம் வருடத்துக்கு ஒன்றாக வரட்டும். ஆடு மாடுகளைப் பிள்ளைகள் களிமண்ணில் பிடிப்பார்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது கவர் கொடுக்கப் பணமில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மழையில் நனைந்து பாடிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி கொடுங்கள், அதுவும் முடியாவிட்டால் கதவைத் திறந்து நின்று அவர்களோடு பாடுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடி வைத்த கீர்த்தனைகளும் மற்ற பாட்டுகளும் நம்மிடம் எவ்வளவோ இருக்கின்றன. இளைஞர் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: கொடுத்த தொகையை வாசலிலேயே வாசித்து அறிவிக்கும் பழக்கத்தை விடுங்கள். பல வீட்டுக் கதவு மூடியிருப்பதற்கு அதுதான் காரணம்.

காணிக்கை குறைவாகப் போட வெட்கமாக இருக்கிறது.

லூக்கா 2:24-ஐ எடுத்துப் படியுங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது இரண்டு புறாக்கள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கென்று லேவியராகமம் 12:8 வகுத்திருந்த காணிக்கை அது. நாம் கொண்டாடும் குடும்பமே ஏழைக் காணிக்கை கொடுத்த குடும்பம். 50 ரூபாயோ 20 ரூபாயோ, நிமிர்ந்து நின்று போடுங்கள்.

மகளுக்குத் தலை கிறிஸ்துமஸ். வரிசை வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும்.

முன்கூட்டிப் பேசுவதுதான் மருந்து. நவம்பரிலேயே சம்பந்தியம்மாளிடம் மகளின் அம்மாவே நேரில் போய், 'இந்த வருஷம் வெள்ளாமை இப்படி இருக்கு சம்பந்தி, மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் துணி, பலகாரம், ஒருநாள் விருந்து, இவ்வளவுதான் எங்களால முடியும்' என்று சொல்லிவிடட்டும். எதிர்பார்க்க வைத்துவிட்டு ஏமாற்றினால்தான் பேச்சு நீளும். மோதிரம், செயின் என்று யாராவது கேட்டால், கடன் வாங்கிப் போட்ட நகை மகளின் வாழ்க்கையைப் பாதுகாக்காது என்பதை மனதில் வையுங்கள். மாப்பிள்ளையும் இந்த இடத்தில் வாய் திறந்து தன் வீட்டாரிடம் பேச வேண்டும்.

வீட்டுக்காரர் பண்டிகை என்றாலே நண்பர்களோடு குடிக்கிறார். இந்தக் கணக்கெல்லாம் எப்படி நிற்கும்?

நிற்காது. ஒரு இரவு குடிச் செலவில் ஒரு பிள்ளையின் துணி வந்துவிடும். கவர்களில் பணம் பிரிக்கும் அன்று அவரையும் உட்கார வைத்து, துணிக்கவரையும் கறிக்கவரையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பங்கு கறி, நட்சத்திரம், குடில் வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள். 24-ம் தேதி மாலை கையில் வேலை இருக்கிறவர் வெளியே போவது குறையும். பேச்சு எடுபடாத வீடு என்றால் பணத்தை முன்கூட்டியே பொருளாக மாற்றிவிடுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

வேளாங்கண்ணிக்கு 24, 25-ம் தேதிகளில் போனால் அறை வாடகையும் கூட்டமும் தாங்காது. ஜனவரி முதல் வாரம் கழித்து ஒரு சாதாரண நாளில் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். தரங்கம்பாடிக்குப் போனால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்தில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், கடற்கரையும் இருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சிவகங்கைப் பூங்கா அருகில் 1779-ல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் பூண்டி மாதா. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டால் பஸ் காசு மட்டும்தான்.

டிசம்பர் 26-ம் தேதியில் கடற்கரை ஊர்களுக்கு உல்லாசமாகப் போக வேண்டாம். 2004-ல் அந்தக் காலையில் சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்த ஊர்களில் அன்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கையில் எதுவுமே இல்லை. உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று பாருங்கள். வசதி இல்லாத வீடுகளை நேரில் போய்ப் பார்த்து, வெளியே சொல்லாமல் உதவுவதற்கென்றே அந்தச் சபை இருக்கிறது. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரிடமோ பெண்கள் ஐக்கியத்திலோ சொல்லலாம். மேடையில் ஏறிச் சேலை வாங்கிப் போட்டோவுக்கு நிற்க மனமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். உதவி செய்கிற இடத்தில் இருப்பவர்கள் ஆளைத் தேடிப் போங்கள். கூட்டத்தில் வந்து வரிசையில் நிற்க முடியாதவர்தான் பெரும்பாலும் அதிகம் தேவைப்படுகிறவர்.

அரசு நிவாரணக் கணக்கெடுப்பு வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர் சேர்ந்ததா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் துணியும் பலகாரமும் இல்லாமல் போனால் பரவாயில்லை. பூசைக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த வருடத்துக்குப் பலகாரச் சீட்டு சேரலாமா?

தெரிந்தவர் சொன்னார் என்று வெளியூர்க்காரரிடம் மாதா மாதம் கட்டி, டிசம்பரில் ஆளைக் காணாமல் நின்ற குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய. சீட்டு நடத்துபவர் 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் சேராதீர்கள். மகளிர் குழுவிலேயே பண்டிகைச் சேமிப்பு என்று தனி வரவு வைக்கலாம், அல்லது வங்கியில் மாதா மாதம் கட்டும் ஆர்.டி. போடலாம். பொங்கல் முடிந்த வாரம் ஆரம்பித்து மாதம் 500 போட்டால் நவம்பரில் 5,500 அசலாகவே இருக்கும். துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தைக்கக் கொடுப்பதை மட்டும் கார்த்திகை வரைக்கும் தள்ளிப்போடுங்கள், அதற்குள் அளவு மாறியிருக்கும்.